உங்கள் கையால் ஒரு மரத்தரை: ரொறன்ரோ வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் பழைய வீடு வாங்கும் நம்மவர்கள் பலர் முதலில் கழற்றி எறிய நினைப்பது கார்பெட்டைத்தான். அதன் இடத்தில் ஓக் அல்லது மேப்பிள் பலகை பதிக்க வேண்டும் என்பது பலருடைய ஆசை. கூலி கொடுத்துச் செய்விக்கலாம்தான். ஆனால் ஒரு வரவேற்பறை அளவான தரையை, தச்சுவேலை பழகாத ஒருவரும் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு தானே பதித்துவிட முடியும். வேண்டியது பலமான கை அல்ல. நிதானமும், மரத்தின் இயல்பைப் பற்றிய கொஞ்ச அறிவும் போதும்.

அந்த இயல்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரம் அறுத்துப் பலகையான பின்னும் அசைவதை நிறுத்துவதில்லை. காற்றில் ஈரம் கூடினால் அகலத்தில் விரியும், ஈரம் குறைந்தால் சுருங்கும். 3¼ அங்குல அகலமான ரெட் ஓக் பலகையின் ஈரம் 4 விழுக்காடு மாறினால், அதன் அகலம் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மாறும். ஒரு பலகைக்கு இது ஒன்றுமில்லை. 12 அடி அகல அறையில் இப்படி 44 பலகைகள் பக்கம் பக்கமாகக் கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கனடாவின் குளிர்காலத்தில் ஃபர்னஸ் ஓடும் வீடு வறண்டு கிடக்கும். ஆடி மாத வெக்கையில் அதே வீட்டுக் காற்று ஈரத்தால் கனக்கும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த அசைவுக்கு இடம் கொடுப்பதற்காகவே இருக்கின்றன. காரணம் தெரிந்தால் எந்தப் படியையும் தாவ மனம் வராது.

## படி 1: இடம் பொருத்தமானதா என்று பாருங்கள்

இந்த வழிகாட்டி முழு மரப் பலகைக்கானது. அதாவது, மேலிருந்து கீழ்வரை ஒரே மரத்தில் அறுத்த, முக்கால் அங்குலத் தடிப்புள்ள பலகை. இதை ஆணி அடித்துத்தான் பதிப்பார்கள். ஆகவே அடியில் ஆணி பிடிக்கும் மரத்தரை இருக்க வேண்டும். தரைமட்டத்திலும் அதற்கு மேலும் உள்ள மாடிகளில், பிளைவுட் அல்லது ஓஎஸ்பி பலகையால் ஆன அடித்தரை இருந்தால் தாராளமாகப் பதிக்கலாம்.

பேஸ்மென்டில் வேண்டாம். நிலத்துக்குள் இருக்கும் கொங்கிரீட் வழியாக ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். முழு மரம் அதைத் தாங்காது. அங்கே, பல மர அடுக்குகளை ஒட்டிச் செய்யும் எஞ்சினியர்ட் பலகை பொருத்தம். காண்டோவில் இருப்பவர்களுக்கும் அதேதான். அடியில் கொங்கிரீட் இருப்பதோடு, சத்தம் கீழ்வீட்டுக்குப் போகாமல் இருக்க நிர்வாகம் வைத்திருக்கும் விதிகளும் உண்டு. எழுத்தில் அனுமதி வாங்காமல் பழைய தரையைத் தொடக் கூடாது. குளியலறையும் சலவை அறையும் எந்த வீட்டிலும் மரத்துக்கு ஏற்ற இடங்கள் அல்ல.

புதுத் தரை பழையதைவிட உயரக்கூடும் என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். கதவுகளின் அடியைச் சீவ வேண்டி வரலாம். படிக்கட்டின் மேற்படியும் கீழ்ப்படியும் உயரம் மாறலாம். சமையலறை வரை பதிப்பதானால், டிஷ்வாஷரைப் பிறகு வெளியே இழுக்க முடியாதபடி தரை உயர்ந்து மறித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## படி 2: மரத்தைத் தெரிவு செய்யுங்கள்

இங்கே எளிதில் கிடைப்பவை ரெட் ஓக், வைட் ஓக், ஹார்ட் மேப்பிள். மரத்தின் கடினத்தை அளக்க ஜான்கா என்ற அளவுகோல் உண்டு. அதில் ரெட் ஓக் 1290, வைட் ஓக் 1360, ஹார்ட் மேப்பிள் 1450. ஊரில் நாம் பெருமையாகப் பேசும் தேக்கு இவை மூன்றுக்கும் கீழேதான் நிற்கிறது. தேக்கின் பெருமை அதன் கடினத்தில் இல்லை. ஈரத்தையும் பூச்சியையும் தாங்கும் எண்ணெய்த் தன்மையில் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது ரெட் ஓக். அதன் வரிகள் தடித்துத் தெரிவதால் சிறு கீறல்கள் அவற்றுக்குள் மறைந்துவிடும். மேப்பிள் வரி குறைந்து வழுவழுப்பாக இருப்பதால் ஒவ்வொரு கீறலும் கண்ணில் படும். அகலத்தில் 2¼ அல்லது 3¼ அங்குலம் நல்லது. பலகை அகலமாக ஆக அதன் அசைவும் கூடும்.

மேற்பூச்சு ஏற்கெனவே பூசிய பலகையையே வாங்குங்கள். பூச்சில்லாத பலகையைப் பதித்த பின் முழுத் தரையையும் இயந்திரத்தால் தேய்த்து, பூசி, உலரவிட வேண்டும். அது தனியாகப் பழக வேண்டிய வேலை.

## படி 3: அளந்து வாங்குங்கள்

அறையின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, வெட்டில் போகும் கழிவுக்காக 10 விழுக்காடு கூட்டுங்கள். 12 அடிக்கு 15 அடி அறை 180 சதுர அடி, கழிவோடு 198. ஒரு பெட்டியில் 20 சதுர அடி இருந்தால் 10 பெட்டி வாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முறையில் வாங்கிவிடுங்கள். இன்னொரு நாள் வாங்கும் பெட்டியில் நிறம் சற்று மாறியிருக்கக் கூடும். வேலை முடிந்து மிஞ்சும் பலகைகளைப் பத்திரப்படுத்தினால், பின்னாளில் ஒரு பலகை பழுதானால் கைகொடுக்கும்.

ஒரு பெட்டி 50 இறாத்தலுக்கு மேல் கனக்கும். இரண்டு பேராகத் தூக்குங்கள்.

## படி 4: கருவிகளைச் சேருங்கள்

வாங்க வேண்டியவை: அளவு நாடா, மூலைமட்டம், நீண்ட ரசமட்டம், சாக்பொடி நூல், சுத்தியல், நெம்புகோல், தட்டுக்கட்டை, முழங்கால் உறை, பாதுகாப்புக் கண்ணாடி, காதுக்காப்பு, தூசி முகமூடி, ஈரமானி.

வாடகைக்கு எடுக்க வேண்டியவை: தரை ஆணி அடிக்கும் நெய்லர், அதற்கான காம்ப்ரசர், கடைசி வரிசைகளுக்குச் சிறிய பிராட் நெய்லர், குறுக்கே அறுக்க மைட்டர் வாள், நீளவாக்கில் அறுக்க மேசை வாள். ஹீட்டர் துவாரங்களைச் சுற்றி அறுக்க ஒரு ஜிக் வாளும் உதவும்.

இந்தப் பட்டியலில் ஆட்கள் தவிர்க்கப் பார்ப்பது ஈரமானியைத்தான். இரண்டு முள் உள்ள சிறிய கருவி. பலகையில் குத்தினால் ஈரத்தை விழுக்காட்டில் காட்டும். தவிர்க்காதீர்கள். அடுத்த படி முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது.

## படி 5: மரத்தை வீட்டுக்குப் பழக்குங்கள்

பலகை ஆலையிலிருந்தும் கிடங்கிலிருந்தும் வருகிறது. உங்கள் வீட்டுக் காற்றின் ஈரத்துக்கு அது இன்னும் பழகவில்லை. பதிக்கப்போகும் அறையிலேயே பெட்டிகளை வையுங்கள். கராஜிலோ பேஸ்மென்டிலோ அல்ல. சுவரை ஒட்டி உயரமாக அடுக்காமல், காற்றுப் போக இடைவெளி விட்டுத் தாழ அடுக்குங்கள். தயாரிப்பாளர் பெட்டியைத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தால் திறந்து வையுங்கள். அறையின் வெப்பமும் ஈரமும், நீங்கள் வழக்கமாக வாழும் நிலையில் இருக்கட்டும். 30 முதல் 50 விழுக்காடு வரையான காற்று ஈரம் இதற்கு ஏற்றது. சுவரில் புதிதாகப் பெயின்ட் பூசியிருந்தாலோ பூச்சு வேலை நடந்திருந்தாலோ, அது நன்றாகக் காய்ந்த பிறகே மரம் வீட்டுக்குள் வர வேண்டும்.

எத்தனை நாள் வைப்பது? மூன்று நாள் என்று பலரும் சொல்வார்கள். நாளை எண்ணாமல் ஈரமானியைப் பாருங்கள். அடித்தரையில் பல இடங்களில் அளங்கள். 12 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பிறகு வெவ்வேறு பெட்டிகளிலிருந்து எடுத்த பலகைகளில் அளங்கள். பலகைக்கும் அடித்தரைக்கும் உள்ள வித்தியாசம், 3 அங்குலத்துக்குக் குறைந்த அகலமானால் 4 விழுக்காட்டுக்குள்ளும், அதற்கு மேற்பட்ட அகலமானால் 2 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். இரண்டும் நெருங்கிவிட்டால் வேலையைத் தொடங்கலாம். நெருங்கவில்லையானால் ஒரு கிழமையானாலும் பொறுத்திருங்கள்.

## படி 6: அடித்தரையைச் சீராக்குங்கள்

கார்பெட்டைக் கத்தியால் கீலம் கீலமாக வெட்டிச் சுருட்டி எடுங்கள். ஓரத்தில் முள் ஆணியுள்ள மெல்லிய சட்டம் இருக்கும். அதையும், அடியில் கிடக்கும் ஒவ்வொரு ஸ்டேப்பிள் கம்பியையும் பிடுங்குங்கள். சுவரடியில் உள்ள பேஸ்போர்டை உடையாமல் கழற்றி, எந்தச் சுவருக்கு உரியது என்று பின்பக்கம் குறித்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 1980களுக்கு முந்திய வீடுகளில், பழைய வைனைல் ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அப்படியான தரை தென்பட்டால் உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். சோதனைச்சாலையில் பரிசோதித்த பிறகே கை வையுங்கள்.

அடுத்து, தரை முழுவதும் நடந்து பாருங்கள். கிறீச்சிடும் இடத்தில் அடித்தரை, கீழே உள்ள தாங்குசட்டத்திலிருந்து விலகியிருக்கிறது. அங்கே சட்டத்தைப் பிடிக்கும்படி நீளமான ஸ்குரூ ஆணிகளை முறுக்குங்கள். புதுப் பலகை ஏறிய பிறகு அந்தச் சத்தத்தைத் திருத்துவது மிகவும் கடினம். பிறகு நீண்ட ரசமட்டத்தைத் தரையில் பல திசைகளில் வைத்துப் பாருங்கள். 10 அடிக்குள் கால் அங்குலத்துக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக் கூடாது. மேட்டைத் தேய்த்துக் குறையுங்கள். பள்ளத்தைத் தார்க் கடதாசி அடுக்கி நிரப்புங்கள்.

கடைசியாகத் தூசியை உறிஞ்சி எடுத்து, முழுத் தரையிலும் 15 இறாத்தல் தார்க் கடதாசியை, ஓரங்கள் 4 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து ஸ்டேப்பிள் அடியுங்கள். கீழிருந்து வரும் ஈரத்தின் வேகத்தை அது குறைக்கும். தாங்குசட்டங்கள் எங்கே ஓடுகின்றன என்று, கடதாசி விரிக்குமுன்பே பழைய ஆணி வரிசையைப் பார்த்துச் சுவரடியில் குறித்து, பிறகு கடதாசியின் மேல் கோடு போட்டு வையுங்கள்.

## படி 7: திசையும் முதல் கோடும்

பலகைகள் தாங்குசட்டங்களுக்குக் குறுக்கே ஓட வேண்டும். சட்டத்தின் திசையிலேயே ஓடவிட்டால், சட்டங்களுக்கு இடையில் தரை தொய்யக் கூடும். அந்தக் குறுக்குத் திசையில் ஓடும் நீளமான, நேரான சுவர் ஒன்றைத் தொடக்கமாகத் தெரிவு செய்யுங்கள். வெளிச்சுவர் பெரும்பாலும் நேராக இருக்கும்.

எந்த வீட்டிலும் சுவர் முற்றிலும் நேராக இருப்பதில்லை. ஆகவே சுவரை நம்பாமல் நூலை நம்புங்கள். சுவரிலிருந்து முக்கால் அங்குல இடைவெளி, அதோடு, ஓரத்தில் நீட்டி நிற்கும் நாக்கு உட்பட ஒரு பலகையின் அகலம்: இந்தக் கூட்டுத்தொகையைச் சுவரின் இரு முனைகளிலும் குறித்து, சாக்பொடி நூலை இழுத்துச் சுண்டுங்கள். பிறகு அந்தக் கோட்டிலிருந்து எதிர்ச்சுவர் வரை பல இடங்களில் அளங்கள். இரு முனைக்கும் வித்தியாசம் அதிகமென்றால், கோட்டைச் சற்றுச் சாய்த்து, கோணலை இரண்டு சுவருக்கும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துவிடுங்கள். கடைசி வரிசை ஒன்றரை அங்குலத்துக்கும் குறைந்து மெலியாமல் இருக்குமா என்பதையும் இப்போதே கணக்கிடுங்கள்.

அந்த முக்கால் அங்குல இடைவெளியை அறையின் நான்கு புறமும் விட வேண்டும். ஆடியில் மரம் விரியும்போது போக அதுதான் இடம். இடம் இல்லாவிட்டால் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி மேலே கிளம்பிவிடும்.

## படி 8: பலகைகளைப் பரப்பிப் பாருங்கள்

ஆணி அடிக்குமுன் ஆறேழு வரிசைப் பலகைகளைத் தரையில் அவை போகவேண்டிய ஒழுங்கில் பரப்புங்கள். தரையின் அழகு தீர்மானமாவது இந்த வேலையில்தான். மூன்று நான்கு பெட்டிகளை ஒன்றாகத் திறந்து கலந்து எடுங்கள். ஒரே பெட்டியில் நிறம் ஒரே மாதிரி இருப்பதால், பெட்டி பெட்டியாகப் பதித்த தரையில் திட்டுத்திட்டாக நிறபேதம் தெரியும்.

பலகை முனைகள் சேரும் இடங்களைக் கவனியுங்கள். அடுத்தடுத்த வரிசைகளில் அந்த இணைப்புகள் குறைந்தது 6 அங்குலமாவது விலகியிருக்க வேண்டும். 3¼ அங்குலமும் அதைவிட அகலமுமான பலகையானால் 8 முதல் 10 அங்குலம். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை ஒரே இடத்தில் இணைப்பு வந்தாலும், படிக்கட்டுப் போல ஒரே அளவில் ஏறிக்கொண்டு போனாலும் கண்ணை உறுத்தும். நீளமும் கட்டையும் கலந்து வரட்டும். வாசலிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படும் இடத்துக்கு நீளமான, நல்ல நிறமுள்ள பலகைகளை ஒதுக்குங்கள். கணுவும் கறையும் உள்ளவை சோபாவுக்கடியிலும் அலுமாரிக்குள்ளும் போகட்டும். மிகவும் வளைந்தவற்றை அறுத்து, வரிசை முனைகளுக்குக் கட்டையாகப் பாவியுங்கள்.

## படி 9: முதல் வரிசைகள்

ஒவ்வொரு பலகைக்கும் ஒரு ஓரத்தில் நாக்கும் மறு ஓரத்தில் காடியும் இருக்கும். முதல் வரிசையில் காடி சுவர்ப்பக்கமும் நாக்கு அறைப்பக்கமும் வரும்படி, நூற்கோட்டோடு அச்சொட்டாகப் பொருத்துங்கள். சுவருக்கும் பலகைக்கும் இடையில் முக்கால் அங்குலக் கட்டைகளைச் செருகி வைத்தால் இடைவெளி மாறாது.

இந்த வரிசையிலும் கடைசி வரிசையிலும் மட்டும், சுவரை ஒட்டிய ஓரத்தில் மேலிருந்து நேராக ஆணி அடிக்கலாம். பேஸ்போர்ட் அதை மறைத்துவிடும். ஓக் கடினமான மரம் என்பதால் முதலில் ட்ரில்லால் சிறு துளை போடுங்கள். இல்லையெனில் பலகை பிளக்கும். நாக்குப் பக்கத்தில் 45 பாகை சாய்வில் பிராட் ஆணி அடியுங்கள். சுவர் மறிப்பதால் தரை நெய்லர் முதல் இரண்டு மூன்று வரிசைகளுக்கு நுழையாது. அதுவரை இந்தச் சிறிய நெய்லரே துணை.

அவசரப்படக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். முதல் வரிசையில் ஒரு மயிரிழை கோணினாலும் அறையின் மறுபுறம் போகும்போது அது விரலளவாகும். மூன்று வரிசை முடிந்ததும், நூலை மறுபடி இழுத்துப் பிடித்து நேர் பாருங்கள்.

## படி 10: நெய்லரோடு வேகம் பிடியுங்கள்

இனி வேலை வேகமாக நகரும். பலகையின் காடியை முந்திய வரிசையின் நாக்கில் செருகி, தட்டுக்கட்டையை வைத்துத் தட்டி, இடைவெளி மூடும்வரை நெருக்குங்கள். பதித்த பலகைகளின் மேல் நின்று, காலின் பாரத்தால் பலகையை அமுக்கியபடி நெய்லரை நாக்கின் மேல் பொருத்தி, ரப்பர்ச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. காற்றின் வேகத்தில் 2 அங்குல ஆணி, நாக்கின் மேல்மூலை வழியாகச் சாய்வாக இறங்கும். அடுத்த பலகையின் காடி அதை மூடிவிடும். தரையில் ஆணியே தெரியாது.

ஆணியின் தலையைக் குனிந்து பாருங்கள். நாக்கின் மட்டத்தில் சரியாக அமர்ந்திருக்க வேண்டும். மேலே துருத்தினால் அடுத்த பலகை நெருங்காது. காம்ப்ரசரின் அழுத்தத்தைச் சற்றுக் கூட்டுங்கள். ஆழமாகப் புதைந்து நாக்கைப் பிளந்தால் குறையுங்கள். மிஞ்சிய துண்டொன்றில் முதலில் அடித்துப் பார்ப்பது நல்லது.

3 அங்குலத்துக்குக் குறைந்த பலகைக்கு 8 முதல் 10 அங்குலத்துக்கு ஒரு ஆணி. அதற்கு மேற்பட்டதற்கு 6 முதல் 8 அங்குலத்துக்கு ஒன்று. முனையிலிருந்து 1 முதல் 3 அங்குலத்துக்குள் ஒரு ஆணி கட்டாயம். எவ்வளவு கட்டையான பலகைக்கும் இரண்டு ஆணியாவது வேண்டும். வரிசையின் முடிவில் அறுத்த முனை சுவர்ப்பக்கம் போகட்டும். மிஞ்சும் துண்டு 8 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால், அதையே அடுத்த வரிசையின் தொடக்கமாக வையுங்கள்.

## படி 11: வாசல், துவாரம், கடைசி வரிசை

கதவு நிலையைச் சுற்றிப் பலகையை நெளித்து வெட்ட முயலாதீர்கள். ஒரு துண்டுப் பலகையை நிலையின் அடியில் படுக்கவைத்து, அதன் மேல் கைவாளைக் கிடையாக ஓட்டி நிலையின் அடியை அறுத்துவிடுங்கள். பலகை அந்தப் பிளவுக்குள் நுழைந்துகொள்ளும். ஹீட்டர் துவாரங்களின் அளவைப் பலகையில் வரைந்து ஜிக் வாளால் அறுங்கள்.

எதிர்ச்சுவர் நெருங்கும்போது தரை நெய்லருக்கு மறுபடி இடம் போதாது. பிராட் நெய்லரால் சாய்வாக அடித்து முடியுங்கள். கடைசி வரிசையைச் சுவரிலிருந்து முக்கால் அங்குலம் விட்டு அளந்து, மேசை வாளில் நீளவாக்கில் அறுங்கள். சுவரில் ஒரு கட்டையை அண்டைகொடுத்து நெம்புகோலால் பலகையை நெருக்கி, துளை போட்டு, மேலிருந்து ஆணி அடியுங்கள்.

பேஸ்போர்டைத் திருப்பி வைக்கும்போது ஆணி சுவரைப் பிடிக்க வேண்டும், தரையைப் பிடிக்கக் கூடாது. தரையில் அடித்தால் நான்கு புறமும் விட்ட இடைவெளி இருந்தும் பயனில்லை. மரம் அங்கே கட்டுண்டுவிடும்.

## படி 12: தரையைப் பேணுங்கள்

நாம் வாசலிலேயே காலணியைக் கழற்றுகிறவர்கள். மரத்தரைக்கு அதைவிட நல்ல பழக்கம் இல்லை. குளிர்காலத்தில் தெருவில் தூவும் உப்பு பூச்சைக் கீறும் என்பதால், வாசலில் தடித்த கால்மிதி இருக்கட்டும். மேசை, நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுங்கள். சுவாமி அறையில் குத்துவிளக்கை வெறுந்தரையில் வைக்காதீர்கள். அதன் பாரம் பள்ளம் போடும். சிந்தும் எண்ணெய் இணைப்புகளுக்குள் இறங்கும். ஒரு தாம்பாளத்தின் மேல் வையுங்கள்.

சுத்தம் செய்ய மென்மையான துடைப்பமும், பிழிந்து எடுத்த ஈரத்துணியும் போதும். வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும், நீராவி இயந்திரம் பாவிப்பதும் கூடவே கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வீட்டுக் காற்று. ஈரத்தைக் காட்டும் சிறிய அளவி ஒன்றை அறையில் வையுங்கள். குளிர்காலத்தில் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஹ்யூமிடிஃபையரை ஓடவிடுங்கள். கோடையில் 50ஐத் தாண்டினால் ஏசியையோ டீஹ்யூமிடிஃபையரையோ ஓடவிடுங்கள்.

முதல் மாசி மாதத்தில் பலகைகளுக்கு இடையில் மெல்லிய கீற்றுகள் தெரியலாம். பயப்பட வேண்டாம், மரம் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மரப்பசையால் அவற்றை நிரப்பிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். நிரப்பாதீர்கள். கோடையில் பலகைகள் விரியும்போது அந்தப் பசை பிதுங்கி வெளியே வரும், அல்லது பலகைகளை நெருக்கும். ஒரு முழு ஆண்டு சுழன்று அடுத்த ஆடி வரும்வரை பொறுங்கள். அப்போதும் மூடாமல் நிற்கும் கீற்று எதுவென்று பார்த்து, அதை மட்டும் திருத்தினால் போதும்.